கீழ்த்தளத்துக் காஜாக் கடை

"வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணிப்போடுங்கன்னு நான் மரியாதையாத்தானுங்க அம்மிணி—"

"மரியாதையில ஒரு கொறையும் இல்லீங்கண்ணா, காலி பண்ண மாட்டனுங்கன்னு நானும்—"

"—சொல்றன், வர்றவீக ஆருன்னு உங்களுக்குத் தெரியாதுங்க—"

"—மரியாதையாத்தானுங்க சொல்றன், ஆரு வந்தா எனக்கென்னங்க, என்ர மெஷினு—"

"என்னையக் கொஞ்சம் பேச உடுங்க."

"நீங்களும் கொஞ்சம் காது குடுங்க."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள். பாத்திரத்தோடு அந்தப் பக்கம் போன டீக்கடை சிவபிரகாஷ், ஏதோ கல்யாணத்துக்கு அழைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. கோபம் ஏற ஏறத்தான் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு 'ங்க' அதிகமாக வரும்.

அர்த்தநாரிக்கு அந்தக் கட்டடத்தில் மேலே மூன்று மாடி. காலர் வைத்த டி-சர்ட் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு இடது பக்கம் ஓர் அறை. அதைச் சித்ரகலாவுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். வாசலில் 'சித்ரகலா காஜா பட்டன்' என்று போர்டு. டி-சர்ட்டின் நெஞ்சுப் பட்டியில் பொத்தான் நுழைவதற்கு ஓட்டை வெட்டி, ஓரத்தை நூலால் அடைப்பது காஜா. எதிர்ப் பட்டியில் பொத்தான் வைத்துத் தைப்பது பட்டன். இரண்டுக்கும் தனித்தனி மெஷின். காஜா மெஷினில் சித்ரகலா உட்காருவாள். பட்டன் மெஷினில் சுப்பாத்தாள். கடை அவ்வளவுதான். மூன்றாவதாக ஒருவர் உள்ளே வந்தால் சுப்பாத்தாள் எழுந்து நிற்கவேண்டும்.

"வெள்ளிக்கிழமை வர்றவீக என்ர சரக்கு வாங்கற வெளிநாட்டுக் கடையோட ஆளுக, அவீககிட்ட நான் எழுதிக் குடுத்திருக்கறனுங்க," என்றார் அர்த்தநாரி. "கட்டிங்ல இருந்து பேக்கிங் வரைக்கும் எல்லாமே எங்க கம்பெனிக்குள்ளயேன்னு. எங்க ஆளுகதான்னு. ஒரு பீஸ்கூட வெளிய வேலைக்குப் போகாதுன்னு."

"போகுதுங்களா?"

"அது வேற நாயமுங்க."

"நான் உங்க பீஸ் ஒண்ணக்கூடத் தொட்டதில்லீங்களே. என்னைய எதுக்குங்க காலி பண்ணச் சொல்றீங்க?"

"தொடலைன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வர்றவீகளுக்குத் தெரியுமா? படியேறக் கால் வெக்கறப்பவே இத்தனாம்பெரிய போர்டு. இது என்னன்னு கேப்பாங்க."

"காஜா பட்டன்னு சொல்லுங்க."

அர்த்தநாரி கண்ணை மூடித் திறந்தார். "இந்த எடத்துல ஒரு சோபாவும் ஒரு மீன் தொட்டியும் வெக்கப்போறனுங்க. சொல்லியாச்சு. தொட்டி நாளைக்கு வருது."

"மீனு எதுக்குங்க?"

"வர்றவீக உக்காந்து பாக்கறதுக்கு."

பட்டன் மெஷினிலிருந்து சுப்பாத்தாள் தலையைத் தூக்காமல் கேட்டாள். "பாத்து?"

அர்த்தநாரி படிக்கட்டுக்கு அடியில் இருந்த மீட்டர் பெட்டியைத் திறந்தார். தரைத்தளத்து பியூஸ் கட்டையைப் பிடுங்கி, தம் வெள்ளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பை கனத்து ஒரு பக்கம் தொங்கியது. "தப்பா எடுத்துக்காதீங்க அம்மிணி," என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

காஜா மெஷின் ஒரு ஓட்டையின் பாதியில் நின்றது. சித்ரகலா ஊசியைக் கையால் சுற்றி மேலே தூக்கி, பீசை வெளியே எடுத்துப் பார்த்தாள்.

"பதினோரு வருசம்," என்றாள்.

"அவருக்கு அது தெரியும்," என்றாள் சுப்பாத்தாள். "அதனாலதான் தப்பா எடுத்துக்காதீங்கன்னாரு."

அடுத்த நாள் காலை ஷட்டரைப் பாதி தூக்கி, வெளிச்சம் விழுகிற இடத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் வந்தது தெய்வாத்தாள். சாமளாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். காதர்பேட்டையில் துண்டுத் துணியாக எடை போட்டு வாங்கிப் போய், வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேரோடு சேர்ந்து குழந்தைச் சட்டை தைப்பாள். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் விற்பாள். இந்த வாரம் நாற்பது சட்டை.

"கரண்டு இல்லியா சித்ரா? எப்ப வரும்?"

"மேல கேக்கோணும்."

"ஈ.பி.யிலயா?"

"இல்லீங்கக்கா. அர்த்தநாரி அண்ணன் சட்டைச் சோப்புல."

தெய்வாத்தாள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பஸ் ஸ்டாண்டு பக்கம் பெரிய கடை ஒண்ணு இருக்குதே, அங்க கொண்டுபோய்ப் பாக்கட்டுமா?"

"பாருங்க. ஐந்நூறு பீசுக்குக் கீழ வாங்கமாட்டாங்க. நூல் மாத்தறதுக்கே நேரம் போயிருதும்பாங்க."

"நாப்பதுதான இருக்குது. நாலு கலரு."

"அதைச் சொன்னீங்கன்னா சிரிப்பாங்க."

அடுத்து வந்த அருண்குமார் ஓட்டல்காரர்களுக்கு யூனிபார்ம் தைத்துக் கொடுப்பவன். கையில் முப்பது சட்டை இருந்தது. அவனுக்குப் பின்னால் புதிதாகத் தொழில் தொடங்கியிருக்கும் இரண்டு பேர் சாம்பிள் பீஸ் ஐந்தோடு வந்தார்கள். ஐந்து பீசுக்கு ஐந்து கலரில் நூல் மாற்ற இந்த ஊரில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள் என்று ஊர் முழுக்கக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தவர்கள். அந்த ஐந்து பீசைப் பார்த்துத்தான் எவனோ ஆர்டர் கொடுப்பான். ஆர்டர் வந்தால் அவர்கள் மெஷின் வாங்குவார்கள், ஆள் வைப்பார்கள், அதற்கப்புறம் பெரிய கடைக்குப் போய்விடுவார்கள். சித்ரகலா அதைக் குறையாக நினைத்ததில்லை. பெரிய கம்பெனி என்று இன்று பேர் வைத்திருக்கிற நாலு பேருடைய முதல் பீஸ் அவள் மெஷினில் ஏறியிருந்தது. அவர்கள் வழியில் பார்த்தால் கார் கண்ணாடியை இறக்குவார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் காத்திருந்தார்கள். காத்திருப்பவர்களுக்கு சிவபிரகாஷ் டீ கொண்டுவந்தான். இரண்டு நடைக்குப் பிறகு அவன் கணக்குப் போட்டுச் சொன்னான். "அக்கா, மெஷின் ஓடறப்பவிட நின்னா டீ எச்சா போகுது. ஆனா நாளைக்கும் இதே மாதிரி நின்னா நாளான்னைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. சீக்கிரம் எதாச்சும் பண்ணுங்க."

"என்ன பண்ணட்டும்?"

"அது எனக்குத் தெரியாதுங்க. இன்னொரு டீ?"

பதினோரு மணிக்கு சசிகுமார் ஸ்கூட்டரில் வந்தான். கொங்கு மெயின் ரோட்டில் பினிஷிங் யூனிட் வைத்திருப்பவன். கம்பெனிகளிடம் மொத்தமாக வேலை பிடித்து, பிரித்துப் பிரித்து வெளியே கொடுப்பான். சித்ரகலாவிடம் மூவாயிரம் வெள்ளை டி-சர்ட் காஜாவுக்குக் கொடுத்திருந்தான். பீசுக்கு மூன்று காஜா, மூன்று பட்டன். பாதி முடிந்திருந்தது. அவன் இருட்டுக்குள் எட்டிப் பார்த்தான். தன் பண்டல்களையும் நின்றுபோன மெஷினையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அக்கா, நாளைக்கு எனக்குப் பீஸ் வேணுமுங்களே."

"கரண்டு வேணுமேப்பா."

"என்னாச்சு?"

சொன்னாள். கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்தது. "மேல இருக்கற அர்த்தநாரி அண்ணனா? அவரா புடுங்குனாரு?"

"ஏன், உனக்குத் தெரிஞ்சவரா?"

"இல்லீங்க. ஆமாங்க. பாத்திருக்கறன்."

"இது ஆருது சரக்கு? பெரிய எடம்னா அவீகளை விட்டுச் சொல்லச் சொல்லலாமில்ல?"

"ஒரு பார்ட்டியுதுங்கக்கா," என்றான் சசிகுமார்.

இந்தத் தொழிலில் அதற்கு மேல் கேட்பதில்லை. வேலை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும்போது யாருடைய சரக்கு என்று சொல்லக்கூடாது, கேட்கவும் கூடாது. சொன்னால் அடுத்த தடவை இரண்டு பேரும் நேராகப் பேசி முடித்துக்கொள்வார்கள். நடுவில் இருக்கிறவன் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் பண்டலில் கட்டியிருக்கும் கம்பெனிச் சீட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் அனுப்புவார்கள். கழுத்தில் தைத்த லேபிளில் வெளிநாட்டுக் கடையின் பெயர் இருக்கும். அதை வைத்து யாராலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

அந்த வெள்ளைப் பீஸ் மூவாயிரமும் அர்த்தநாரியுடையவை. அவர் கம்பெனியிலும் காஜா மெஷின் ஒன்று இருந்தது. அதை ஓட்டுகிற மிதிலேஷ் தங்கச்சி கல்யாணம் என்று பீகாருக்குப் போயிருந்தான். மாடியிலிருந்து இறங்கிய பண்டல்கள் கட்டட வாசலில் டெம்போ ஏறின. சசிகுமார் யூனிட்டுக்குப் போனதும் சீட்டு பிய்க்கப்பட்டது. பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டப்பட்டு, அவனுடைய வேனில் அதே வாசலுக்குத் திரும்பி வந்து, இடது பக்கம் திரும்பிவிட்டன.

சசிகுமார் மாடிக்குப் போனான். அர்த்தநாரி மேசை மேல் பியூஸ் கட்டையைக் காகிதம் பறக்காமல் வைத்திருந்தார்.

"வாப்பா சசி. என்ர பீஸ் என்னாச்சு?"

"ஆயிக்கிட்டே இருக்குதுங்கண்ணா."

"எங்க?"

"நல்ல எடத்துலங்க."

"நாளைக்கு வந்துருமா? வெள்ளிக்கிழமை வர்றவீக அந்தச் சரக்கைத்தான் பாக்கறாங்க. சனிக்கிழமை கன்டெய்னர்."

"வந்துருமுங்க. அண்ணா, கீழ ஒரு அம்மா—"

"எந்த அம்மா?"

"காஜா அம்மாங்க. இருட்டுல உக்காந்திருக்குது. பாவமுங்க."

அர்த்தநாரி நிமிர்ந்து பார்த்தார். "உனக்கென்ன அதுமேல அக்கறை?"

"மனுசனுக்கு மனுசன்தானுங்களே. கரண்டை மட்டும் குடுத்துப்போடுங்க. ரெண்டு நாளைக்கு."

"ரெண்டு நாள் குடுத்தா இன்னும் பதினோரு வருசம் இருக்கும். காலையில இருந்து நீ நாலாவது ஆளு. சாமளாபுரத்துக்காரம்மா வந்து அழுதுட்டுப் போகுது. ஓட்டல் யூனிபார்ம்காரன் வர்றான். டீக்கடைக்காரன் வந்து நாளான்னைக்கு வியாபாரத்தைப் பத்திப் பேசறான். ஒரு காஜா மெஷினை நிறுத்தினதுக்கு ஊரே படியேறுது. நான் எதோ மில்லை மூடிட்ட மாதிரி." அவர் பியூஸ் கட்டையை எடுத்து மறுபடியும் பையில் போட்டார். "அது கெடக்கட்டும். என்ர பீஸ் பக்கமா தூரமா?"

"பக்கமுங்க."

"எவ்வளவு பக்கம்?"

சசிகுமார் தரையைப் பார்த்தான். "வெகு பக்கமுங்க."

"அப்ப வா, போய்ப் பாத்துட்டு வந்தர்லாம்."

"எதுக்குங்கண்ணா உங்களுக்குச் சிரமம்?"

"பக்கந்தானப்பா."

அர்த்தநாரி காரை எடுத்தார். சசிகுமார் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னான். சந்திலிருந்து கொங்கு மெயின் ரோடு, அங்கிருந்து பெருமாநல்லூர் ரோடு, புஷ்பா தியேட்டர் ரவுண்டானா. போகிற வழியெல்லாம், சரக்கை மாற்றிவிட இடம் கிடைக்குமா என்று அவன் குரலைத் தாழ்த்திப் போனில் வேறு காஜாக் கடைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரு கடையில் நாலு நாளைக்கு இடமில்லை என்றார்கள். இன்னொரு கடையில், பாதி காஜா ஒரு மெஷினிலும் மீதி வேறு மெஷினிலும் போட்டால் தையல் ஒரே மாதிரி வராது, சட்டையைப் பார்க்கிறவன் கண்ணில் குத்தும், வேறு ஆளைப் பார் என்றார்கள்.

"பக்கம்னு சொன்ன. அவினாசி ரோடு வந்துட்டமே?"

"ஒன்வேங்கண்ணா."

"இங்க எப்பய்யா ஒன்வே போட்டாங்க?"

"போடப்போறாங்களாமுங்க. இப்பவே பழகிக்கிட்டா நல்லது."

அனுப்பர்பாளையம் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். ஒரு பெட்ரோல் பங்க்கில் காற்று பிடித்தார்கள். சசிகுமாருக்கு வேறு வழி தெரியவில்லை. போன் பேட்டரியும் இறங்கிவிட்டது. "இடது எடுங்க. நேரா. மறுபடியும் இடதுங்க. நிறுத்திக்குங்க."

அர்த்தநாரி நிறுத்தி இறங்கினார். அண்ணாந்து பார்த்தார்.

"இது என்ர பில்டிங்கு."

"ஆமாங்க."

"என்ர பீஸைப் பாக்கோணும்னு சொன்னன்."

"ஆமாங்க."

அவர் கார் கதவைச் சாத்தினார். பிறகு காஜாக் கடை வாசலில் காத்திருந்தவர்களைத் தாண்டி, பாதி தூக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே போனார். செல்போன் வெளிச்சத்தை அடித்தார். சுவர் ஓரம் தலை உயரத்துக்கு வெள்ளைப் பண்டல். மேலிருந்த பீசை எடுத்துக் கழுத்து லேபிளைப் பார்த்தார், பட்டியைப் பார்த்தார், உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தார். தன் பிள்ளையை வேறு வீட்டில் பார்த்தவர் மாதிரி இருந்தார்.

"இது எப்ப இங்க வந்துச்சு?"

"திங்கக்கெழமைங்க," என்றாள் சித்ரகலா. "சசி கொண்டாந்து போட்டுது. ஏனுங்கண்ணா, உங்களுதுங்களா?"

"கேக்கறா பாரு," என்றாள் சுப்பாத்தாள். "அவரு மூஞ்சியப் பாத்தா தெரியலியா?"

சசிகுமார் ஷட்டருக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். பதினைந்து வருஷத் தொழிலில் சரக்குக்காரப் பார்ட்டியும் ஜாப் ஒர்க் செய்கிறவரும் நேருக்கு நேர் நிற்பதை அவன் பார்த்ததில்லை. பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு வேட்டி கிழித்திருந்தான்.

அர்த்தநாரி வெளியே வந்து, மீட்டர் பெட்டியைத் திறந்து, பையிலிருந்த கட்டையை எடுத்து மாட்டினார். உள்ளே டியூப் லைட் இரண்டு தடவை சிமிட்டி எரிந்தது. காத்திருந்தவர்கள் எழுந்தார்கள்.

"ஓட்டுங்க அம்மிணி."

சித்ரகலா மெஷின் பக்கம் போகவில்லை. "இந்தச் சரக்கு முடிஞ்சதும் மறுபடியும் புடுங்குவீங்களா?"

"அது அப்பறம் பேசிக்கலாமுங்க."

"இப்பப் பேசிக்கலாமுங்கண்ணா. இப்பத்தான் நீங்க நின்னு கேக்கற மாதிரி இருக்குது."

அர்த்தநாரி யோசித்தார். யோசனை முடிந்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஒண்ணு பண்ணலாமுங்க. எல்லா வேலையும் எங்க கம்பெனிக்குள்ளயேன்னு நான் எழுதிக் குடுத்திருக்கறன். நீங்க இருக்கறதும் என்ர பில்டிங்குலதான. வெள்ளிக்கிழமை ஒரு நாளைக்கு நீங்க எங்க காஜா செக்சன். உங்க போர்டு மேல எங்க பிளெக்ஸைக் கட்டிப்போடலாம். கழுத்துல கம்பெனி கார்டு. கேட்டா இங்கதான் வேலை செய்யறமுங்கன்னு சொல்லுங்க. பொய்யும் இல்லை. வேற ஆளுக பீஸ் ஒண்ணும் கண்ணுல படக்கூடாது, அவ்வளவுதான்."

"அதுக்கப்பறம் நான் இங்கயே இருந்துக்கலாமுங்களா?"

"பாக்கலாமுங்க."

சித்ரகலாவுக்கு 'பாக்கலாமுங்க' தெரியும். அவளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்களில் இரண்டு பேர் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. அவள் சுப்பாத்தாளைப் பார்த்தாள்.

"கரண்டு வந்திருக்குது," என்றாள் சுப்பாத்தாள். "அதை முதல்ல ஓட்டித் தீத்துக்கலாம்."

அன்றைக்கும் மறுநாளும் மெஷின் நிற்கவில்லை. வெள்ளைப் பீஸ் மூவாயிரமும் முடிந்து, அதே வாசலில் வேனில் ஏறி, சசிகுமார் யூனிட்டுக்குப் போய், அயர்ன் ஆகி, மாடி ஏறின. படிக்கட்டு வழியாக நேராக மேலே தூக்கிவிடலாமே என்று அர்த்தநாரி கேட்டார். "அது முறையாகாதுங்கண்ணா" என்றான் சசிகுமார். இடையில் அருண்குமாரின் சட்டையும் அந்த இரண்டு பேரின் சாம்பிளும் முடிந்தன. தெய்வாத்தாளின் நாற்பது மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை வராதீங்க, சனிக்கிழமை வாங்க என்று சித்ரகலா சொல்லி அனுப்பினாள். சந்தை ஞாயிற்றுக்கிழமை என்று தெய்வாத்தாள் சொன்னாள். இரண்டு பேரும் அவரவர் சொன்னதை அடுத்தவர் ஒத்துக்கொண்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மீன் தொட்டிக்கு இடமில்லாததால் படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்திருந்தார்கள். மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் மீனுக்காக ஒதுங்கினார்கள். போர்டு மேல் கம்பெனி பிளெக்ஸ் ஏறியிருந்தது. சித்ரகலா கழுத்தில் அவசரமாக அடித்த கார்டு. சுப்பாத்தாளுக்கு அடிக்க நேரமில்லாததால், பீகாருக்குப் போன மிதிலேஷின் கார்டைக் கொடுத்துத் திருப்பிப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

அர்த்தநாரி எதிர்பார்த்தது ஒரு வெள்ளைக்காரரை. இங்கிலீஷில் கேட்பார், பதிலை நம் ஆள் மாற்றிச் சொல்வான், நமக்கு வேண்டிய மாதிரி சொல்வான் என்று நினைத்திருந்தார். காரிலிருந்து இறங்கியது ஒரு பெண். சரக்கு வாங்குகிற கடையின் பெங்களூர் ஆபீஸ், பெயர் கீதாஞ்சலி, சொந்த ஊர் தூத்துக்குடி.

"மீன் நல்லாருக்கு சார்," என்றாள். மூன்று மாடியும் பார்த்தாள். வெள்ளைப் பீசை எடுத்து, பட்டியை இழுத்து, பொத்தானைப் போட்டு, கழற்றி, மறுபடியும் போட்டாள். "காஜா ரொம்ப சுத்தமா வந்திருக்கே. எங்க போட்டீங்க?"

"எங்க காஜா செக்சன்லதானுங்க மேடம். கீழ இருக்குது."

"மாடியில ஒரு காஜா மெஷின் கவர் போட்டுக் கெடந்துச்சே?"

"அது... எச்சா இருக்கறதுங்க."

"கீழ உள்ளதைப் பாத்துட்டுப் போயிருதேன்."

அர்த்தநாரி டீ சாப்பிடலாம் என்றார். அவள் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம் என்றாள்.

கீதாஞ்சலி உள்ளே நுழைந்ததும் சுப்பாத்தாள் எழுந்து நிற்கவேண்டி வந்தது. கார்டு ஆடித் தானாகத் திரும்பியது. கீதாஞ்சலி படித்தாள்.

"மிதிலேஷ் குமார்?"

"கூப்புடற பேரு சுப்பாத்தாளுங்க."

கீதாஞ்சலி சிரிக்கவில்லை. போட்டோவில் இருந்த மீசையைப் பார்த்தாள், சுப்பாத்தாளைப் பார்த்தாள், கார்டை மெதுவாகத் திருப்பிவிட்டாள். பிறகு சித்ரகலா பக்கம் திரும்பினாள்.

"ஏக்கா, நீங்க இங்க எத்தன வருஷமா வேலை பாக்கீங்க?"

"இந்த ரூம்லதானுங்க. பதினோரு வருசம்."

"லீவு வேணும்னா யாருட்ட கேப்பீங்க?"

"நானேதானுங்க எடுத்துக்குவன்."

"உங்களுக்கு மேல யாரு?"

சித்ரகலா கூரையைப் பார்த்தாள். "மேல கம்பெனிங்க."

அர்த்தநாரி இருமினார். அந்த நேரத்தில் வாசலில் தெய்வாத்தாள் வந்து நின்றாள். ஒரு கையில் வெறும் பை, இன்னொரு கையில் சித்ரகலாவுக்காகத் தோட்டத்து முருங்கைக்காய்.

"சித்ரா, என்ர நாப்பது பீஸ் ஆச்சா கண்ணு? ஞாயித்துக்கெழமை சந்தை. பஸ்ஸுக்கு நேரமாச்சு." உள்ளே இருந்தவர்களைப் பார்த்தாள். அர்த்தநாரியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "நீங்களும் காஜாவுக்கு வந்தீங்களாங்க?"

சசிகுமார் தெருவில் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்வது கேட்டது. அது ஸ்டார்ட் ஆகவில்லை.

"இவங்க எந்த செக்ஷன்?" என்றாள் கீதாஞ்சலி.

"நான் சாமளாபுரமுங்க," என்றாள் தெய்வாத்தாள்.

கீதாஞ்சலி பையைத் தோளில் சரிசெய்துகொண்டு அர்த்தநாரியிடம் திரும்பினாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. "சார், வெளிய குடுக்கிறது தப்புன்னு நாங்க சொல்லவே இல்லியே. எங்க குடுக்கீங்கன்னு சொல்லாம குடுக்கிறதுதான் தப்பு. இந்தக் காஜாவைப் போட்டவங்க யாருன்னு எனக்குத் தெரியணும். இது இவங்க கடைன்னா கடைன்னு, இவங்க பேரைப் போட்டு எழுதிக்கிடுதேன். அப்புறம் எப்ப வந்தாலும் கடை இங்க இருக்கணும். இல்லாட்டி ஏன் இல்லன்னு உங்களைக் கேப்பேன். இது உங்க செக்ஷன்னா அப்படியே எழுதிக்கிடுதேன். பதினோரு வருஷத்துக்கு இந்த ரெண்டு பேரோட பி.எஃப். எங்கன்னு கேப்பேன். எதுன்னாலும் எனக்கு ஒண்ணுதான். எது?"

"மேடம், முதல்ல ஒரு டீ—"

"எது சார்?"

அர்த்தநாரி சித்ரகலாவைப் பார்த்தார். அவள் இவரைக் காப்பாற்றுவாள் என்று அந்த நிமிஷத்தில் அவர் உண்மையாகவே நம்பினார். சித்ரகலா கார்டைக் கழுத்திலிருந்து எடுத்து, கயிற்றை ஒழுங்காகச் சுற்றி, மெஷின் மேல் வைத்தாள். காலையில் முடித்து மெஷினுக்கு அடியில் மறைத்து வைத்திருந்த தெய்வாத்தாளின் நாற்பது சட்டையை எடுத்து அவள் பையில் போட்டாள். பிறகு அவரிடம் திரும்பி, ஒரு 'ங்க'கூடக் குறைக்காமல் கேட்டாள்.

"அண்ணா, நீங்களே சொல்லிப்போடுங்க. இது என்ர கடைங்களா, உங்க செக்சனுங்களா? நீங்க இப்ப எதைச் சொல்றீங்களோ, திங்கக்கெழமையில இருந்து இந்தச் சந்துல எல்லார்த்துகிட்டயும் நானும் அதையேதானுங்க சொல்லப்போறன்."